பெயருக்கு முன்னால்

ஆன்சான் நகரில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம்,
சிவப்பு நியான் சிலுவைக்குக் கீழே எங்கள் சபை.
மூன்றாம் மாடியில் சிறுவர் ஞாயிறு பள்ளி.
நிலவறையில், கொதிகலன் அறையை ஒட்டி,
இன்னொரு ஞாயிறு பள்ளி.
அதன் கதவில் ‘தாமுன்வா வகுப்பு’ என்று
பலகை எழுதி ஒட்டியவள் நான்தான்.
எழுத்துகளைச் சுற்றிப் பூக்கள்கூட வரைந்தேன்.

பல பண்பாடு என்று பொருள். நல்ல சொல்தான்,
அரசாங்கத் தாளில் பிறந்தது.
பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள்
கல்லாகிவிட்டிருந்தது.
‘ஏய் தாமுன்வா, பந்தை எடு.’

நான் கெட்டவள் அல்ல.
(இப்படித் தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.)
முட்டை அவித்துக் கொண்டுபோனேன்.
பார்லி நீர் காய்ச்சினேன்.
மூப்பரின் மனைவி என் கையைப் பிடித்து
‘பாவம் அந்தப் பிள்ளைகள்,
உங்களுக்குப் பரலோகத்தில் பலன் உண்டு’ என்றாள்.
அவள் மகன் மூன்றாம் மாடியில் படித்தான்.
நடுவில் நாற்பத்திரண்டு படிகள்.
யாரும் அவற்றைப் பூட்டவில்லை.
யாரும் ஏறவும் இல்லை.

நவம்பரில், அறுப்பின் நன்றி ஞாயிறுக்காக,
வயலில் கதிர் பொறுக்கியவளின் கதையை எடுத்தேன்.
புருஷனை இழந்து, மாமியாரை விடாமல்,
அயல்தேசத்திலிருந்து வந்த மருமகள்.
கடவுள் அந்நியரை எவ்வளவு நேசிக்கிறார் பாருங்கள் என்று
முடிவு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

ஆரின் கை தூக்கினாள்.
பத்து வயது. அப்பாவுக்கு வார்ப்புப் பட்டறையில் இரவு வேலை.
அம்மா லான், கன் தோவிலிருந்து வந்தவள்.
‘பியோ டீச்சர், இவள்தான் வந்து சேர்ந்துவிட்டாளே,
வந்த பிறகும் ஏன்
பெயருக்கு முன்னால் அந்த ஊரைப் போடுகிறார்கள்?
கதிர் பொறுக்கப் போகும்போது போடுகிறார்கள்.
மாமியாருக்குச் சாப்பாடு கொடுத்த பிறகும் போடுகிறார்கள்.
கல்யாணப் பேச்சிலும்.
நான் பென்சிலால் கோடு போட்டேன். ஐந்து தடவை.’

கொதிகலன் உறுமியது.
என்னிடம் விளக்கவுரை இருந்தது, மூன்று தொகுதி.
‘எனக்குத் தெரியவில்லை’ என்றேன்.
பன்னிரண்டு வருட ஊழியத்தில்
அன்றைக்குத்தான் ஒரு பாடம் நடந்தது.

‘கடைசியில் நிறுத்திவிடுகிறார்கள்’ என்றான் வாதிம் யூகாய்.
கொரிய முகம், ரஷ்ய நாக்கு,
இரண்டுக்காகவும் அடி வாங்குகிறவன்.
‘கல்யாணம் ஆனதும் வெறும் பெயர்தான்.’
ஆரின் புரட்டிப் பார்த்தாள்.
‘நாலாம் அதிகாரம்’ என்றாள். ‘ரொம்ப லேட்.’

இரவு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஆறு பெயர்களுக்கு முன்னால் சின்னச் சின்ன வட்டம்.
நகராட்சியின் சிற்றுண்டி மானியத்துக்காக நானே போட்டது.
அழித்தால் பால் பாக்கெட் நின்றுபோகும்.
அழிக்காவிட்டால்

கதவுப் பலகையை மட்டும் கழற்றினேன்.
ஒட்டுநாடா கதவின் சாயத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு
நாற்பத்திரண்டு படி ஏறினேன்.
மேலே பாட்டு பாதியில் நின்றது.
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
எங்களுக்கு இடம் விடவா, எங்களைவிட்டு விலகவா,
அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன.
போதகர் என்னிடம் பட்ஜெட்டைப் பற்றிப் பேசினார்.
மூப்பர் மகன் வாதிமிடம்
ரஷ்ய மொழியில் வசவு கற்றுக்கொண்டிருக்கிறான்.
அதுவும் கல்விதான் என்று விட்டுவிட்டேன்.

லான் இன்னும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.
அவள் முழுப்பெயரை இந்த வாரம்தான் கேட்டேன்.
எழுதிக் காட்டினாள்:
எழுத்தின் தலையில் ஒரு கொக்கி, அடியில் ஒரு புள்ளி.
பதிவேட்டில் நானும் எழுதிப் பார்த்தேன்.
புள்ளி தவறான இடத்தில் விழுந்தது.
என் பேனாவை வாங்கி அவளே திருத்தினாள்.

வட்டங்கள் அப்படியே இருக்கின்றன.
நான் இன்னும் இரண்டாம் அதிகாரத்தில்தான் இருக்கிறேன்,
பொறுக்கிக்கொண்டு.